நினைவைக் கவரும் கிருமி

சிலாபத்திலிருந்து வடக்கே உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று கற்பிட்டி முனையில் முடியும் கரையோரத்திற்குச் செல்வம் இரண்டு. கடலும் களப்பும் உவந்தளிக்கும் மீனும் உப்பும் ஒன்று. அக்கரையோர மக்களின் நினைவு மற்றொன்று. எந்த மாதத்தில் எந்தக் காற்று எழும், வாடை ஓய்ந்து சோளகம் பிடிக்கும்போது நீரோட்டம் எப்பக்கம் திரும்பும், கடலடியில் பாறை எங்கே, மணல் எங்கே என்பவற்றையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு அவர்கள் தொழில் செய்வதில்லை. தந்தையின் நினைவிலிருந்து மகனின் நினைவுக்கு அவை வந்து சேருகின்றன. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களும் அவ்வாறே வாய்வழியாக வந்தவைதாம். வலையின் கண்ணி அறுந்தால், கண் வேறெங்கோ பார்த்திருக்க, விரல்கள் தாமாகவே முடிச்சுப் போடும். விரலுக்கும் ஒரு நினைவு உண்டு போலும்!

முதுமை இந்த நினைவைச் சிறிது சிறிதாகத் தேய்க்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் முப்பது, நாற்பது வயதில், உழைக்கும் பருவத்திலேயே, ஒருவனுடைய நினைவையும் விரைவையும் கைத்திறனையும் கவர்ந்து செல்லக்கூடிய நுண்கிருமி ஒன்று உண்டென்பதை நம்மிற் பலர் அறியமாட்டோம். அதுதான் எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. என்னும் வைரஸ். எயிட்ஸ் என்றவுடன் உடல் மெலிவதும் ஓயாத காய்ச்சலும் வயிற்றோட்டமுமே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அக்கிருமி மூளையிலும் குடிபுகும் என்பதும், அதனால் விளையும் கேட்டைத் தடுக்க இன்று வழி உண்டு என்பதும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் நலம். இலங்கையில் இந்நோய் முதன்முதலாக ஓர் இலங்கையரிடம் கண்டறியப்பட்டது 1987-ம் ஆண்டில். அன்று முதல் இன்று வரை உலகில் இத்தொற்று மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்றாகவே நம் நாடு இருந்து வருகிறது. வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவர் என்னும் அளவைக் கூட அது எட்டவில்லை. புத்தளக் கரையோரத்தைக் குறித்துத் தனியாக அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அவ்வாறாயின் இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். அடிக்கடி காணும் நோயை மக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அரிதாக வரும் நோயோ, வந்த பின்பும் நெடுநாள் பெயரறியாமல் கிடக்கிறது. அந்த இடைக்காலத்தில்தான் மூளை சேதமடைகிறது. அரிது என்பதே அதனை அறிந்து வைத்திருப்பதற்குரிய காரணமாகும்.

நியூயோர்க்கில் கண்டது

1981-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து எயிட்ஸ் நோய் பற்றிய முதல் அறிக்கை வெளிவந்தது. 1983-ல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுயிக் மொந்தாஞியே ஆகியோரும் அவர்தம் குழுவினரும் அதன் காரணக் கிருமியைக் கண்டனர். இதற்காக அவ்விருவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளரின் உடலைத் தாக்கிய பிற கிருமிகளோடு போராடிக்கொண்டிருந்த டாக்டர்கள், அந்நோயாளரிற் பலர் மெல்ல மெல்ல அறிவு மங்கி வருவதையும் அவதானித்தனர். முதலில் அது மனச்சோர்வு என்றே எண்ணப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருப்பவன் சோர்ந்திருப்பதில் வியப்பென்ன?

1986-ம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த நேவியா, ஜோர்டன், பிறைஸ் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இவ்வெண்ணத்தை மாற்றினர். இறந்த பின் உடற்சோதனை செய்யப்பட்ட எழுபது எயிட்ஸ் நோயாளரின் வரலாறுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 46 பேர் உயிருடன் இருந்த காலத்தில் நாளுக்கு நாள் முற்றிய மறதி நோய்க்கு ஆளாகியிருந்தனர். அம்மாற்றம் மூன்று வகையாக வெளிப்பட்டது. சிந்தனை மந்தமாகி, மறதியும் கவனக் குறைவும் தோன்றின. கால்கள் வலுவிழந்து, நடை தள்ளாடி, கையசைவு தாமதித்தது. பேச்சும் ஆர்வமும் குறைந்து, நோயாளர் தமக்குள் ஒடுங்கினர். மூளையின் மேற்பரப்பை விட, அதன் ஆழத்திலுள்ள வெண்பகுதியும் அசைவை நெறிப்படுத்தும் உட்பகுதிகளும் அதிகமாகக் கெட்டிருந்தன.

இந்த அடையாளங்கள் முதுமையில் வரும் அல்சைமர் நோயின் அடையாளங்களிலிருந்து வேறுபட்டவை என்பதை நோக்குதல் வேண்டும். அல்சைமர் நோயாளர் தம் பேரப்பிள்ளையின் பெயரையே மறப்பர். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வர். எச்.ஐ.வி. மூளையைத் தாக்கினால் முதலில் புலப்படுவது மந்தம். கேட்ட கேள்விக்கு விடை தெரியும். ஆனால் அது வாயில் வருவதற்கு நேரமாகும். கரைவலைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலை இழுக்க அவருக்குத் தெரியும். ஆனால் மற்றவரின் கால்வைப்போடு அவருடைய கால் சேராது. முடிச்சுப் போடத் தெரியும். ஆனால் ஒரு முடிச்சுக்கு முன்னைய மூன்று முடிச்சுக்களின் நேரம் ஆகும். அருகிலுள்ளவர்கள் அதனைச் சோம்பல் என்பர்; குடி என்பர்; செய்வினை என்று கூறுவோரும் உளர்.

கிருமி மூளையை அடையும் வழி

மூளையைச் சுற்றி இயற்கை ஓர் அரண் அமைத்திருக்கிறது. மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர், உடலின் பிற பகுதிகளில் உள்ளதைக் காட்டிலும் நெருக்கமாகப் பின்னப்பட்டது. கண்ட பொருளெல்லாம் அதனூடே புக முடியாது. அவ்வாறாயின் இக்கிருமி எவ்வாறு உட்புகுகிறது? அது தனியே செல்வதில்லை. இரத்தத்தில் காவற்பணி புரியும் வெள்ளணுக்களில் ஒரு வகையினுள் அது குடிகொள்கிறது. அவ்வணுக்கள் தம் கடமையின் பொருட்டு மூளைக்குள் போய்வருவன. காவலனின் சட்டைப்பைக்குள் இருந்துகொண்டு கள்வன் கோட்டைக்குள் நுழைவதை இது ஒக்கும்.

உட்புகுந்த கிருமி, மூளையின் துப்புரவுப் பணியாளராகிய சிற்றணுக்களில் தங்கிப் பெருகுகிறது. நினைவுக்கும் சிந்தனைக்கும் உரிய நரம்பணுக்களை அது நேரே தாக்குவதில்லை என்பது விந்தையான உண்மை. தொற்றிய அணுக்கள் வெளிவிடும் கிருமிப் புரதங்களும், அழற்சியை உண்டாக்கும் இரசாயனப் பொருள்களும் நரம்பணுக்களின் கிளைகளை வாட்டுகின்றன. அடுத்த வீட்டில் எரியும் நெருப்பின் அனலில் நம் வீட்டுத் தென்னை கருகுவது போன்றது இது.

இவையனைத்தும் நோய் முற்றிய காலத்திலேயே நிகழும் என்று முன்னர் எண்ணினர். பாங்கொக் நகரில் தொற்றுப் பெற்றுச் சில வாரங்களே ஆனவர்களின் முதுகுத்தண்டு நீரை ஆராய்ந்து 2012-ல் வெளியிடப்பட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் திருத்தியது. தொற்று நேர்ந்து எட்டு நாட்களே ஆகியிருக்கலாம் எனக் கணிக்கப்பட்ட ஒருவரின் அந்நீரிற்கூட வைரஸ் காணப்பட்டது. கிருமி மூளையை அடைவது விரைவில். அது விளைவிக்கும் கேடு வெளியே தெரிவது பல ஆண்டுகளின் பின். இடையிலுள்ள அந்த ஆண்டுகளே நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

விரலசைவில் ஒரு பரீட்சை

நரம்பியல் நிபுணர்களும் பெரிய கருவிகளும் உள்ள நகரங்களில் இந்நோயை அறிவது கடினமன்று. அவை இல்லாத ஊர்களில் என் செய்வது? அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நெட் சாக்டரும் அவருடைய சகாக்களும் இதற்கெனவே எளிய பரீட்சை ஒன்றை வகுத்து, 2005-ம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் ஆபிரிக்காவில் உகண்டா நாட்டின் கம்பாலா நகரிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. எழுத்தறிவில்லாதவரும் அதனைச் செய்யலாம் என்பது அதன் சிறப்பு. மணிக்கூடு ஒன்றே போதுமானது.

முதலில் நோயாளிக்கு நான்கு சொற்கள் கூறப்படுகின்றன. பின்னர் அவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து, இயன்ற விரைவில் ஐந்து விநாடிகள் தட்ட வேண்டும். பதினைந்து முறை தட்டினால் நான்கு புள்ளிகள். அடுத்து, மேசைமீது கையை முஷ்டியாக வைத்து, பின் உள்ளங்கையை விரித்து வைத்து, பின் கையின் ஓரம் படும்படி நிறுத்திக் காட்ட வேண்டும். இம்மூன்று நிலைகளையும் வரிசை தவறாமல் பத்து விநாடிகளுக்குள் நான்கு முறை செய்தால் மீண்டும் நான்கு புள்ளிகள். இறுதியாக, தொடக்கத்தில் கேட்ட நான்கு சொற்களையும் நினைவிலிருந்து கூற வேண்டும். சொல் ஒன்றுக்கு ஒரு புள்ளி. மொத்தம் பன்னிரண்டு. பத்தும் அதற்குக் குறைவும் பெறுவோரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி.

இதனை வீட்டில் ஒருவரையொருவர் சோதித்துப் பார்க்கும் விளையாட்டாக மாணவர்கள் கொள்ளலாகாது. புள்ளி குறைவதனால் மட்டும் நோய் உண்டென்று ஆகிவிடாது. தூக்கக் குறைவு, மனக்கவலை, மது, மூட்டு வலி ஆகியவையும் விரலைத் தாமதிக்கச் செய்யும். வலையேற்றிக் காய்த்துப்போன கை, பேனா பிடித்த கையைப் போல் அசைவதில்லை. மேலும் பரிசோதிக்க வேண்டியவர் யார் என்பதைப் பிரித்தறிவதற்கே இப்பரீட்சை, அதற்கப்பால் அன்று.

சென்னையும் பெங்களூரும்

நமக்கு அண்மையில் இவ்வாராய்ச்சி நடைபெற்ற இடங்கள் சென்னையும் பெங்களூருமாகும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986-ம் ஆண்டில் முதன்முதல் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரு பெண்மணிகள். டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியை. டாக்டர் செல்லப்பன் நிர்மலா அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி. சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகளை நிர்மலா வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தார். அந்நாளில் அந்நோயின் பெயரைச் சொல்லவே பலர் கூசினர். பின்னர் 1993-ல் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் ஸ்தாபனம், பல்லாயிரவருக்குச் சிகிச்சையும் ஆறுதலும் அளித்தது. அவர் 2015-ல் காலமானார்.

அந்த ஸ்தாபனத்தில் நடைபெற்ற ஆய்வொன்று 2006-ல் பிரசுரமாயிற்று. நோய் முற்றியும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்காதிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நினைவு, விரைவு முதலிய ஆற்றல்களில் குறைவு காணப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையமாகிய நிம்ஹான்ஸ் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதனினும் கருத்தைக் கவர்வது. அதிற் பங்குபற்றியோர் மருந்து தொடங்காதவர்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவர்கள் அல்லர். அவர்களில் ஐவருக்கு மூவர் என்ற அளவில் இலேசான அல்லது நடுத்தரமான அறிவாற்றற் குறைவு வெளிப்பட்டது. எனினும் கடுமையான குறைவு எவரிடமும் இல்லை. வெளித்தோற்றத்தில் நலமாக இருப்பவரிடத்தும் மூளை பாதிப்படைந்திருக்கலாம் என்பதை இது காட்டியது.

இங்கே ஒரு புதிரும் எழுந்தது. தென்னாசியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் இக்கிருமியின் 'சி' என்னும் கிளை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிதும் உள்ளது 'பி' என்னும் கிளை. பெங்களூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த உதயகுமார் ரங்காவும் குழுவினரும், 'சி' கிளையின் டாட் என்னும் புரதத்தில் ஒரேயொரு மாற்றம் இருப்பதை 2004-ல் எடுத்துக்காட்டினர். அப்புரதச் சங்கிலியின் 31-வது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாகச் செரீன் அமைந்திருந்தது. இம்மாற்றத்தினால் வெள்ளணுக்களைத் தன்பால் ஈர்க்கும் சக்தி அப்புரதத்திற்குக் குறைகிறது. நரம்பணுக்களுக்கு அது செய்யும் தீங்கும் குறைவு என்று 2008-ல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வு கூறிற்று.

அப்படியாயின் நம் பக்கத்து மக்கள் மறதி நோயிலிருந்து தப்பினர் என்று மகிழலாமா? அதுவுமில்லை. பூனா நகரில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல், முன்பு கூறிய விரற் பரீட்சையில் குறைந்த புள்ளிகள் பெற்றனர். கிருமியின் கிளை ஒரு காரணம் மட்டுமே. நோய் எவ்வளவு முற்றியது, காசம் முதலிய நோய்கள் உடனிருந்தனவா, உணவு எப்படி, கல்வி எவ்வளவு என்னும் பல காரணங்களும் அதனுடன் சேருகின்றன. விஞ்ஞானம் ஒரே பாய்ச்சலில் கரை சேர்வதில்லை என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

மருந்து வந்த பின்

1996-ம் ஆண்டளவில் மூன்று மருந்துகளை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. எயிட்ஸ் நோயின் வரலாறு அன்றே இரண்டாகப் பிரிந்தது எனலாம். மரணங்கள் குறைந்தன, மறதி நோயும் பின்வாங்கியது. அமெரிக்காவின் ஆறு நிலையங்களில் 1,555 பேரை ஆராய்ந்து 2010-ல் வெளியான பேராய்வொன்றில், ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஏதோ ஒருவகைக் குறைவு பரீட்சைகளிற் காணப்பட்டது. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை அன்றாட வாழ்வில் தொல்லை தராத இலேசான குறைவுகள். முற்றிய மறதி நோய் கண்டவர்கள் நூற்றுக்கு இருவர் அளவினரே.

அந்தப் பாதி என்னும் கணக்கையும் இன்று பல நிபுணர்கள் ஐயுறுகின்றனர். பரீட்சையில் புள்ளி குறைவதையே மூளை நோய் என்று கொள்வது தவறு என்றும், ஒருவரின் கல்வியும் வறுமையும் வாழ்க்கைச் சூழலும் புள்ளியைக் குறைக்கும் என்றும், நோய் என்று கூறுமுன் வாழ்க்கையில் உண்மையான மாற்றம் தெரிய வேண்டும் என்றும் 2023-ல் சர்வதேச நிபுணர் குழுவொன்று எடுத்துரைத்தது. இக்கருத்து நம் கரையோரத்திற்கு மிகப் பொருந்துவது. பள்ளிக்கூடம் சிறிதே கண்ட மீனவர் ஒருவரை, பல்கலைக்கழகம் கண்ட நகரத்தவருக்கென வகுத்த அளவுகோலால் அளந்து, மூளை கெட்டவர் என்று முத்திரை குத்துவது அநியாயமல்லவா?

எனினும் ஓர் உண்மை அசையாது நிற்கிறது. இரத்தத்தில் சி.டி.-4 எனப்படும் காவலணுக்கள், சிகிச்சை தொடங்குமுன் எவ்வளவு தாழ்ந்த நிலைக்குச் சென்றனவோ, அவ்வளவுக்குப் பின்னாளில் மூளை பாதிப்படையும் ஆபத்து கூடுகிறது. காலந் தாழ்த்தி மருந்து தொடங்கியவரின் உடல் தேறிவிடலாம். இழந்த கூர்மை முழுவதும் திரும்பாமற் போகலாம். ஆதலால் தொற்று உண்டென்று அறிந்தவுடன், உடல்நிலை எவ்வாறிருப்பினும், மருந்து தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-ல் அறிவுறுத்தியது. நாள்தோறும் ஒழுங்காக மருந்து அருந்தி, இரத்தத்தில் கிருமி காணமுடியாத அளவுக்குக் குறைந்த ஒருவர், உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை என்பதும் இன்று உறுதியான உண்மை. மிகச் சிலரிடத்தில் மாத்திரம், இரத்தத்தில் அடங்கிய கிருமி மூளையைச் சூழ்ந்த நீரில் அடங்காது நிற்பதுண்டு. முதுகுத்தண்டு நீரைச் சோதித்து, மருந்தை மாற்றி, அதனையும் டாக்டர்கள் அடக்குகிறார்கள்.

எல்லா மறதியும் இதுவன்று

தொற்று உள்ளவரிடம் தோன்றும் குழப்பமெல்லாம் மறதி நோய் என்று கைவிட்டுவிடலாகாது. எதிர்ப்புச் சக்தி குன்றிய நிலையில் காசக் கிருமி மூளை உறையைத் தாக்கும். கிரிப்டொக்கொக்கஸ் என்னும் பூஞ்சணம் அதே உறையில் அழற்சி செய்யும். டொக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் மூளையில் கட்டிகளை உண்டாக்கும். கடுந்தலைவலி, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கம் வழங்காமை ஆகியவை அவற்றின் அறிகுறிகள். இவை நாட்களைக் கணக்கிட்டு வருவன. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றால் பல உயிர்கள் பிழைக்கும்.

மேகநோயாகிய சிபிலிசும் மூளையைக் கெடுக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மனநோய் ஆஸ்பத்திரிகள் இந்நோயாளரால் நிறைந்திருந்தன. அவர்களின் மூளையிலேயே அக்கிருமி இருப்பதை ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி 1913-ல் காட்டினார். 1917-ல் வியன்னா நகரின் டாக்டர் வாக்னர்-யவுரெக், அந்நோயாளருக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கி, 1927-ல் நோபல் பரிசும் பெற்றார். மலேரியாவை விரட்டப் பாடுபட்ட நம் கரையோர மக்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும்! பென்சிலின் வந்த பின்பு அச்சிகிச்சைக்கு வேலையில்லாமற் போயிற்று. மூளையைக் கெடுத்த ஒரு நோயை, எளிய இரத்தப் பரிசோதனையும் ஒரு மருந்தும் சேர்ந்து அடக்கிய வரலாறு அது.

இனி, நம் வீடுகளில் நாம் காணும் மறதியிற் பெரும்பகுதிக்கும் எச்.ஐ.வி.க்கும் தொடர்பே இல்லை. முதுமையின் அல்சைமர் நோய், இரத்த அழுத்தத்தாலும் நீரிழிவாலும் மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுதல், தைரொய்ட் சுரப்பியின் குறைபாடு, பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு, ஓயாத மது, மனச்சோர்வு ஆகியவையே பெரும்பான்மையான காரணங்கள். இவற்றிற் சில முற்றாகத் தீரக்கூடியவை. மறதியுற்ற பெரியவரைக் கண்டு அயலார் வேறு கதை கட்டுவது அறிவீனம். அதுபோலவே, நாற்பது வயதில் மந்தமுற்ற ஒருவரை விதியென்று வீட்டு மூலையில் இருத்திவிடுவதும் அறிவீனமே.

இரவில் இரத்தம் கொடுத்தவர்கள்

இரத்தப் பரிசோதனை என்றால் நம்மவர் கூசுவதற்குக் காரணம் ஊசியன்று, ஊரார் வாய். ஆனால் இக்கரையோரத்தின் வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது.

யானைக்கால் நோய் பரவியிருந்த இலங்கையின் எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அந்நோயின் நுண்புழுக்கள் பகலில் உடலின் உள்ளே ஒளிந்திருந்து, இரவிலேயே மேற்பரப்பு இரத்தத்திற்கு வருவன. ஆகவே சுகாதார உத்தியோகத்தர்கள் இரவில் வீடு வீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுத்தனர். உறக்கத்தினின்று எழுந்து வந்து மக்கள் விரலை நீட்டினார்கள். எவரும் அதனை மானக்கேடு என்று கருதவில்லை. 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொரு முறை ஊர் முழுவதற்கும் மருந்து வழங்கப்பட்டது. 2016-ல், யானைக்கால் நோய் இலங்கையில் ஒரு சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் மலேரியாவும் நாட்டிலிருந்து ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது.

எச்.ஐ.வி. விடயத்திலும் இவ்வெற்றியின் ஒரு பகுதியை நம் தாய்மார்கள் ஈட்டித் தந்துள்ளனர். கர்ப்பிணிகளின் சிகிச்சை நிலையங்களில் இரத்தத்தைச் சோதித்து, வேண்டியவர்களுக்கு மருந்து கொடுத்ததன் பயனாக, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்தது என 2019 டிசம்பரில் சர்வதேசச் சான்று கிடைத்தது. கிராமத்துத் தாய் ஒருத்தி, தன் பிள்ளையின் பொருட்டுக் கூச்சமின்றி நீட்டிய கையினாற் கிடைத்த சான்று அது. தாய் நீட்டிய கையைத் தந்தை ஏன் நீட்டலாகாது?

சிலாபத்திலும், அயலில் நீர்கொழும்பு, குருநாகல் ஆகிய நகரங்களிலும் அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை. வருவோரின் விவரம் இரகசியமாக வைக்கப்படும். வெளிநாடு சென்று உழைத்தவர், ஊர் ஊராகத் தொழில் செய்தவர், வீட்டை விட்டு அகலாதவர் என்னும் பேதம் கிருமிக்கு இல்லை. ஆகையால் எந்த ஊரையும் எந்தத் தொழிலையும் இதனோடு சேர்த்துப் பேசுவது பாவம் மட்டுமன்று. மக்களைப் பரிசோதனைக்கு வரவிடாமல் தடுக்கும் தீங்குமாகும்.

குடும்பத்தின் கடமை

தொற்று உள்ள ஒருவருடன் ஒரே கோப்பையில் உண்பதாலோ, ஒரே கிணற்றில் குளிப்பதாலோ, ஒரே பாயில் குழந்தை உறங்குவதாலோ, கொசுக் கடியாலோ இந்நோய் பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், சுத்தமற்ற ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளை என்பனவே அதன் வழிகள். இதனை அறிந்த குடும்பம் அஞ்ச வேண்டியதில்லை.

நினைவு மங்கியவருக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவிகள் பல. மருந்து வேளையைப் பள்ளிவாசலின் பாங்கோசையுடனோ, தேவாலயத்தின் மணியோசையுடனோ, கோயிற் பூசை நேரத்துடனோ இணைத்துவிட்டால் அது மறவாது. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்ல வேண்டும். விடை வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். மந்தமாகச் செய்தாலும் அவருக்குப் பழக்கமான தொழிலிலிருந்து விலக்காதிருக்க வேண்டும். கடலுக்கு அனுப்புவது ஆபத்தாகலாம். கரையிலிருந்து வலை பொத்தும் வேலை மனத்திற்கும் விரலுக்கும் நல்ல பயிற்சி. எல்லாவற்றினும் மேலாக, ஏச்சும் ஏளனமும் கூடா. ஏச்சைக் கேட்ட மூளை விரைவதில்லை, மேலும் ஒடுங்கிவிடுகிறது.

மாணவர்களுக்கும் இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. முன் கூறிய பரீட்சையின் நான்கு சொற்கள் ஆங்கிலத்தில் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்பன. தொப்பியை அறியாத ஊரில் அச்சொல்லுக்குப் பதில் எச்சொல்லை வைப்பது? வலை பின்னும் விரலின் இயல்பான விரைவு என்ன? உப்பளத்தில் நாளெல்லாம் வெயிலில் நின்றவரின் கவனம் எவ்வளவு? தமிழும் சிங்களமும் பேசும் நம் கரையோரத்தவரை அவர்களுக்கு உரிய அளவுகோலாலேயே அளக்க வேண்டுமாயின், இவற்றுக்கு விடை காணும் டாக்டர்களும் மனோதத்துவ நிபுணர்களும் கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் பிறந்த பிள்ளைகளிலிருந்தே வரவேண்டும். அவர்களுக்கு அம்மக்களின் மொழி தெரியும். காற்றின் பெயர் தெரியும். ஒரு கை முன்பு எவ்வளவு விரைவாக முடிச்சுப் போட்டது என்பதும் தெரியும்.